மாப்பிள்ளைக் கதிரைக்கு ஓர் இலக்கம்

எங்கள் வீட்டில் வைஃபை ரவுட்டர் சாமியறை வாசலுக்கு மேலே இருக்கிறது. சாமியறைக்குள்ளேயே வைக்க வேண்டும் என்றுதான் என் மனைவி முதலில் கேட்டாள். லைன் இழுக்க வந்தவர் நல்ல மனிதர். சாம்பிராணிப் புகை பட்டால் மெஷின் கெதியில் பழுதாகிவிடும் என்று பக்குவமாகச் சொல்லி, வாசல் நிலைக்கு மேலே ஒரு பலகை அடித்து அதில் வைத்துவிட்டுப் போனார். அவர் கேற்றைச் சாத்தியதும் அவள் ஸ்டூலில் ஏறி நின்று அதற்கு ஒரு சந்தனப் பொட்டு வைத்தாள்.

"என்னப்பா, இதுக்குமோ?" என்று கேட்டேன்.

"என்ர பிள்ளை லண்டனில இருந்து இதுக்குள்ளாலதானே வீட்டுக்கு வாறான். வாற வாசலுக்குப் பொட்டு வைக்காமல் விடலாமோ?" என்றாள்.

எங்கள் ஒழுங்கை மேட்டுச் சரிவின் கீழே ஒடுங்கிக் கிடக்கிறது. போனில் சிக்னல் வேண்டுமென்றால் கேற்றடிக்குப் போய், எங்கள் ஊர்த் தெருக்களில் மாடு மாதிரித் திரியும் மான்கள் படுத்திருக்கும் வேப்பமரத்தடியில் நின்றுதான் கதைக்க வேண்டும். அதனால்தான் இந்த லைனே எடுத்தோம். மகன் எங்களுக்கென்று ஒரு டேப்லெட்டும் அனுப்பியிருந்தான். அதில் அவனுடைய முகம் பெரிதாகத் தெரியும். என்னுடைய பழைய போனில் கமெரா செத்துப் பல காலம்.

மகனுக்குக் கலியாணம் பொருந்தியது. பெண் வீட்டாரும் லண்டனில்தான். அங்கேயே ஒரு கோயிலில் தாலி கட்டுவதென்று முடிவாகி, நாங்கள் இருவரும் விசாவுக்குக் கொடுத்தோம். இரண்டு பேருக்கும் இல்லை என்று வந்தது. திரும்பவும் கொடுத்தோம். திரும்பவும் இல்லை. அன்றைக்கு என் மனைவி அழவில்லை. குசினிக்குள் போய்த் தேங்காய் துருவினாள். துருவி முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னாள்.

"கலியாணம் அங்கை நடக்கட்டும். பொன் இந்த வீட்டிலதான் உருக வேணும்."

அவள் சொன்னது பொன்னுருக்கை. எங்கள் கலியாணங்களில் அது மாப்பிள்ளை வீட்டில் நடப்பது. நல்ல நேரம் பார்த்து, நிறைகுடம் வைத்து, மாப்பிள்ளையைக் கதிரையில் இருத்துவார்கள். அவன் தன் கையால் ஒரு பொன் நாணயத்தைத் தாலி செய்யும் பத்தரிடம் கொடுப்பான். பத்தர் அதைச் சபைக்கு முன்னாலேயே உருக்குவார். அந்தப் பொன்னில்தான் தாலி. பெற்ற தாய்க்கு மகனின் கலியாணத்தில் இதுதான் முதற் சந்தோசம். என் மனைவிக்கு இது ஒன்றுதான் மிச்சமாக இருந்தது.

மகன் அங்கே ஒரு நாணயம் வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டான். நான் அதை எடுத்துக்கொண்டு பத்தரிடம் போனேன். என் மனைவியின் தாலி அவருடைய தகப்பனார் செய்தது. அவர் நாணயத்தை வாங்காமல், "மாப்பிள்ளை எப்ப வாறார்?" என்று கேட்டார். வேலையில் லீவு இல்லை, வரமாட்டார் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மாப்பிள்ளை தராத பொன்னை நான் உருக்கினதில்லை, அண்ணை."

"அவன் லண்டனில எல்லோ..."

"விளங்குது. கையால தர ஏலாதெண்டால், பொன்னைக் கிண்ணத்தில போடுறதைக் கண்ணால பார்க்கட்டும். பார்த்துப்போட்டு 'உருக்குங்கோ' எண்டு வாயால சொல்லட்டும். அவர் சொன்னாப் பிறகுதான் நான் நெருப்பை ஊதுவன். அதுக்கு ஒரு வழி பாருங்கோ."

வழி எங்களிடம் இருந்தது. மாப்பிள்ளைக் கதிரையில் டேப்லெட்டை வைப்பது என்று மனைவி சொன்னாள். சால்வையும் போட்டு விடலாம் என்றாள். மகனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். பிறகு, "அண்டைக்கு விடியப்புறமே எழும்பித் தோய்ஞ்சு, வேட்டி கட்டிக்கொண்டு இருப்பன் அம்மா" என்றான்.

இனி அந்த டேப்லெட்டுக்கு நான் போட்ட இலக்கத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

நான் எட்டாம் வகுப்புடன் நின்றவன். துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றேன். இந்த மெஷின் விசயமெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர் பக்கத்து வீட்டு நானா. கிண்ணியாவில் பிறந்தவர். சந்தியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். நானும் அவரை நானா என்பேன், அவர் என்னை அண்ணன் என்பார். இருபது வருசமாக ஒருவருக்கொருவர் மூத்தவராகவே இருந்து வருகிறோம்.

அவருடைய கடையில் ஒருநாள் இருந்தபோதுதான் கேட்டேன், பிரிண்டரில் என்ன நோண்டுகிறார் என்று. அவர் விளக்கினார். ரவுட்டர் தன் வீட்டுக்குள் வருகிற ஒவ்வொரு போனுக்கும் மெஷினுக்கும் ஒரு முகவரி இலக்கம் கொடுக்கும். நீளமான இலக்கம். அதன் முன்பகுதி எல்லாருக்கும் ஒன்று, கடைசிப் பகுதி மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. முதலில் வந்தவருக்கு நூறு, அடுத்து வந்தவருக்கு நூற்றொன்று என்று அது பங்கிட்டுக் கொடுத்துக்கொண்டே போகும். இன்றைக்குக் கிடைத்த இலக்கம் நாளைக்குக் கிடைக்கும் என்றில்லை.

"பிரிண்டருக்கு அது சரிவராது அண்ணன்," என்றார். "ஒவ்வொரு நாளும் அதுட வீட்டைத் தேடி அலையேலா. அதான் நானே ஒரு நம்பரைப் பிடிச்சு நிரந்தரமாப் போட்டுட்டன்."

எனக்கு அது பிடித்துப் போய்விட்டது. எங்கள் டேப்லெட்டும் அப்படித்தானே, இன்றைக்கு ஓரிடம் நாளைக்கு ஓரிடம் என்று அலைகிறது. வெள்ளிக்கிழமைப் பூசையை நாங்கள் அதில்தான் பார்க்கிறோம். மகன் வருவதும் அதில்தான். அதற்கு ஒரு நிலையான இடம் வேண்டாமா? வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு, நானா காட்டித் தந்த மாதிரியே டேப்லெட்டின் செட்டிங்ஸைத் திறந்து, கடைசி இலக்கத்தை நூற்றெட்டு என்று போட்டேன். வேறு இலக்கம் எனக்கு மனதில் வரவேயில்லை. நாமம் சொன்னாலும் நூற்றெட்டு, அருச்சனை செய்தாலும் நூற்றெட்டு. ரவுட்டருடைய பக்கத்தை நான் திறக்கவில்லை. அதில் கை வைத்தால் எதையாவது உடைத்துவிடுவேன் என்று பயம். டேப்லெட்டில் மட்டும் போட்டேன். பூசை தெளிவாக வந்தது. மகனும் தெளிவாக வந்தான். நான் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவளும் ஸ்டூலில் ஏறிப் புதிதாகப் பொட்டு வைத்தாள்.

பொன்னுருக்குக்கு முதல்நாளே வெருகலில் இருந்து மச்சாள், அதாவது மனைவியின் அக்கா, குடும்பத்தோடு வந்து இறங்கினார். சல்லியில் இருந்து என் தம்பி வீட்டாரும் வந்தார்கள். வந்தவர்கள் தண்ணீர் கேட்கும் முன் பாஸ்வேர்டைக் கேட்டார்கள். எங்கள் பாஸ்வேர்ட் 'ஓம் முருகா', ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல்.

"இந்த வீட்டில படம் பார்க்கிறதுக்கும் முருகனைக் கூப்பிடோணும் போல," என்றார் மச்சாள்.

"அப்பிடியாவது கூப்பிடுங்கோவன் அக்கா," என்றாள் என் மனைவி.

காலையில் நானா வெள்ளைச் சேட்டுப் போட்டு, இனிப்புப் பெட்டியும் கையுமாக வந்தார். கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். புதுப் போன் வாங்கியிருந்தார். பொன் உருகுவதை வீடியோ எடுத்துத் தன் மனைவிக்கு அனுப்ப வேண்டும் என்று அவரும் பாஸ்வேர்ட் கேட்டார். நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினார். மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"என்ன சிரிப்பு?" என்றார் நானா. "ஒரு வீட்டுக்குள்ள வாறதெண்டா வீட்டுக்காரர்ட பேரைச் சொல்லித்தானே வரணும்."

வாசலில் கட்டியிருந்த வாழையின் கீழ் இலையை அதற்குள் மான் ஒன்று பாதி தின்றிருந்தது. தம்பி அதைத் துரத்திக்கொண்டிருந்தான். உள்ளே பத்தர் பாயில் அமர்ந்து, கரி நெருப்பும் ஊதுகுழலும் மண்கிண்ணமும் எடுத்து வைத்தார். மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கும் ஏற்றியாயிற்று. ராகுகாலம் பிறக்க முதல் பொன் உருகிவிட வேண்டும் என்று ஐயர் நேரம் குறித்துத் தந்திருந்தார். கதிரையில் டேப்லெட். அதன் தோளில், தோள் என்றுதான் சொல்ல வேண்டும், பட்டுச் சால்வை.

மகன் வந்தான். அவனுடைய லண்டன் குசினியில், வேட்டி சால்வையுடன், நெற்றியில் திருநீற்றுடன் இருந்தான். யன்னலுக்கு வெளியே இருட்டு, இன்னும் விடியவில்லை. எல்லாரும் ஒருமிக்கக் கதைத்தார்கள். மச்சாள், "மாப்பிள்ளைக்கு வயிறு வைச்சிட்டுதடி" என்றார். அவன், "பெரியம்மா..." என்று தொடங்கினான். அந்தச் சொல்லோடு வாய் திறந்தபடியே நின்றுவிட்டான். படம் அசையவில்லை. பிறகு படமும் போய்விட்டது.

திரும்ப எடுத்தோம். வந்தான். "அம்மா கேக்குதோ" என்றான். போய்விட்டான். ரவுட்டரை நிற்பாட்டித் திரும்பப் போட்டேன். கொஞ்ச நேரம் நல்லாக வந்தது. பத்தர் நாணயத்தைக் கையில் எடுத்தார். அதோடு திரும்பவும் போயிற்று.

"என்ட போன்ல எடுத்துப் பாப்பம்," என்று நானா தன் புதுப் போனில் மகனுடைய இலக்கத்தைப் போட்டார். மகனுடைய முகம் ஒருதரம் மின்னி மறைந்தது. திரும்பவும் போட்டார். சுற்றிக்கொண்டே இருந்தது.

"லைனே போயிட்டுது," என்றான் தம்பி.

"என்ர போனைத் தரட்டோ?" என்றார் மச்சாள்.

"நானாவின்ர புதுப் போனுக்கே நிக்கேல்லை, அக்கா. உங்கட அரதல் பழசுக்கோ நிக்கப் போகுது?" என்றாள் என் மனைவி. குரலில் கோபம் இல்லை. கையில் கற்பூரத் தட்டோடு கதிரைக்குப் பக்கத்தில் நின்றாள். கதிரையில் வெறும் கறுப்புக் கண்ணாடியும் சால்வையும். மச்சாள் என்னைத் தள்ளி ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, "இது ஒரு தடங்கல் மாதிரிக் கிடக்கு. பேசாமல் பத்தரை உருக்கச் சொல்லுங்கோ, நேரம் போகுது" என்றார். பத்தருக்குக் காதில் விழுந்துவிட்டது.

"நேரம் போனாலும் இன்னொரு நாள் வரும், அம்மா. மாப்பிள்ளையின்ர வாயில இருந்து வராமல் நான் ஊதமாட்டன்."

இன்னொரு நாள் இல்லை. அதற்குப் பிறகு கலியாணம் வரைக்கும் சுபநாள் இல்லை என்று ஐயர் சொல்லியிருந்தார். என் மனைவிக்கு அது தெரியும். பத்தருக்கு அது தெரியாது. அவள் அதை அவருக்குச் சொல்லவும் இல்லை. பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் சாமியறை வாசலில் போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். ரவுட்டரில் பச்சை வெளிச்சங்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் எரிந்தன. என் பழைய போனை எடுத்துக் கோயிலின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். திறந்தது. முதல்நாள் அலங்காரப் படம் முழுவதுமாக வந்தது. அப்படியென்றால் லைன் போகவில்லை. என் போனுக்கு இருக்கிறது. டேப்லெட்டுக்கு இல்லை, நானாவின் போனுக்கும் இல்லை. முருகா, இந்த இரண்டுக்கும் மட்டும் என்ன வந்தது?

நானாவும் தன் போனில் நோண்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"கனெக்ட் ஆகித்தான் இருக்கு அண்ணன். சிக்னலும் முழுசு. நம்பரும் குடுத்திருக்கு, இந்தா பாருங்க, நூத்தியெட்டு."

"என்ன இலக்கம்?"

"நூத்தியெட்டு."

"நானா, அது டேப்லெட்டின்ர இலக்கம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

எங்கள் கோயில் திருவிழாவில் ஒருமுறை இப்படி நடந்தது. ஒவ்வொரு நாள் உபயமும் ஒவ்வொரு குடும்பத்துக்கு. அந்த நாட்பூசையும் சோறும் அவர்கள் பொறுப்பு. ஒரு குடும்பம் தலைமுறையாக ஒரு நாளை எடுத்து வந்தது. அந்த வருசம் அவர்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லாமலே எங்கள் நாள்தானே என்று இருந்துவிட்டார்கள். நிர்வாக சபை அந்த நாள் வெறுமையாகக் கிடக்கிறது என்று நினைத்துப் புதிதாகக் கேட்டு வந்த குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டது. அன்று பின்னேரம் இரண்டு பக்கமும் பூவும் மேளமுமாக வந்து நின்றார்கள். ஐயர் யாருடைய பேருக்குச் சங்கற்பம் செய்வது என்று தெரியாமல், இந்தப் பக்கம் பாதி மந்திரம், அந்தப் பக்கம் பாதி மந்திரம் சொல்லித் திகைத்துப் போனார். ஒருவருக்கும் பூசை முழுதாகக் கிடைக்கவில்லை.

ரவுட்டரும் அதையேதான் செய்துகொண்டிருந்தது. நான் நூற்றெட்டை எடுத்துக்கொண்டேன். கொடுக்கிறவரிடம் சொல்லவில்லை. மற்ற நாட்களில் வீட்டில் இரண்டு மூன்று போன்தான், பங்கு அந்த இலக்கம் வரைக்கும் போனதே இல்லை. இன்றைக்கு வீடு நிறைய ஆட்கள். நூறு, நூற்றொன்று என்று கொடுத்துக்கொண்டே வந்து, கடைசியாக வந்த நானாவுக்கு அது நூற்றெட்டைக் கொடுத்துவிட்டது. மகனுடைய முகம் பாதி அங்கேயும் பாதி இங்கேயும் போய்க்கொண்டிருந்தது. ரவுட்டரை நிற்பாட்டிப் போட்டபோது வந்த அந்தக் கொஞ்ச நேரம், நானாவின் போன் திரும்பி வந்து சேரும் வரைக்கும்தான்.

நானாவுக்கு நான் முழுக்கச் சொல்லி முடிக்க முன்னமே பிடிபட்டுவிட்டது.

"அல்லாஹ்வே, குழப்பினது நானா? இந்தா, நான் நிப்பாட்டுறன்."

"நிப்பாட்டாதேங்கோ. வந்து இருந்த ஆளை எழுப்புறதோ? டேப்லெட் எழும்பட்டும்."

"அண்ணன், நேரத்தைப் பாருங்க!"

"நீங்கள் நிப்பாட்டினாலும் கேற்றடியில அடுத்த ஆள் வந்து நிக்கிறார். அவருக்கும் அதையே குடுக்கும்."

நான் கதிரைக்குப் போய் டேப்லெட்டைத் தூக்கினேன். மனைவி என் கையைப் பார்த்தாள்.

"என்ன செய்யப் போறியள்?"

"இதில இருந்து நூற்றெட்டை எடுக்கப் போறன். அது இப்ப நானாவிட்டை இருக்கு."

அவளுக்கு அது எவ்வளவு விளங்கியதோ தெரியாது.

"எந்த இலக்கமெண்டாலும் போடுங்கோ," என்றாள். "பிள்ளை வரட்டும்."

செட்டிங்ஸைத் திறந்தேன். நான் நிலையாகப் போட்டிருந்த இலக்கத்தை எடுத்துவிட்டு, ரவுட்டர் தருவதை வாங்கிக்கொள் என்று மாற்றினேன். அது திரும்பவும் பாஸ்வேர்டைக் கேட்டது. ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினேன், ஓம் முருகா. எத்தனையோ தரம் அழுத்திய எழுத்துக்கள்தான். அன்றைக்குப் போல ஒருநாளும் நான் மனதாரக் கூப்பிட்டு அழுத்தியதில்லை. நூற்றொன்பது கிடைத்தது.

மகனைத் திரும்ப எடுத்து, சால்வையைச் சரிசெய்து கதிரையில் வைத்தேன். மகன் அங்கே வேட்டியோடு அப்படியே இருந்தான். கண் சிவந்திருந்தது.

"அம்மா, நேரம் போயிட்டுதோ?"

"இல்லை தம்பி. இருக்கு. அசையாமல் இரு."

பத்தர் நாணயத்தை அவனுடைய முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார். மண்கிண்ணத்தில் வைத்தார். வாசலில் மான் இலை மெல்லுகிற சத்தம் கேட்டது.

"உருக்குங்கோ," என்றான் மகன். பிறகு இன்னும் மரியாதையாக, "உருக்குங்கோ ஐயா" என்றான்.

பத்தர் குனிந்து ஊதினார். கரி சிவந்தது. நாணயத்தின் விளிம்பு முதலில் மங்கி, பிறகு வழுக்கி, ஒரு துளி வெயில் மாதிரிக் கிண்ணத்தின் அடியில் உருண்டு நின்றது. பெண்கள் குரவை போட்டார்கள். நானா தன் போனை உயர்த்திப் பிடித்து எடுத்துக்கொண்டிருந்தார். உடனுக்குடனே கிண்ணியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பொன் ஆறியதும் பத்தர் அதை வெற்றிலையில் வைத்துத் தட்டோடு என் மனைவியிடம் கொடுத்தார். அவள் அதைச் சபைக்குக் காட்டும் முன்னம் கதிரைக்கு நேரே நீட்டினாள். அங்கே அவன் இரண்டு கையையும் ஏந்தினான்.

அன்று எல்லாரும் போன பிறகு, முதல்முறையாக நான் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தேன். நானா அருகில் இருந்து காட்டித் தந்தார். நூற்றெட்டை அவருடைய போனுக்கென்று அங்கேயே ஒதுக்கி வைத்தேன். இந்தத் தரம் கொடுக்கிறவரிடமே சொல்லி. "எனக்கெதுக்கு அண்ணன் அந்த நம்பர், ஒங்கட சாமிட நம்பரெல்லோ," என்று அவர் மறுத்துப் பார்த்தார். கேட்டு வாங்கின உபயம் மாதிரி இருக்கட்டும் என்றேன். டேப்லெட்டுக்குக் கிடைக்கிற இலக்கம் போதும்.

தாலி செய்து, ஒருவர் கையில் லண்டன் போய்ச் சேர்ந்தது. கலியாணத்தன்று அதே கதிரையில் டேப்லெட்டை வைத்துப் பார்த்தோம். படம் ஒருதரமும் நிற்கவில்லை. ஆனால் அங்கே போனைப் பிடித்திருந்தவர் கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். தாலி கட்டுகிற நேரம் யாரோ ஒருவருடைய முதுகும் மேளக்காரரின் தலைப்பாகையும்தான் தெரிந்தன. கெட்டிமேளச் சத்தம் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நின்று, கையில் வைத்திருந்த அட்சதையை அந்த முதுகின் மேல் போட்டோம்.

"தாலி தெரியேல்லையேயப்பா," என்றேன்.

அவள் கதிரையில் விழுந்த அரிசியைப் பொறுக்கிக்கொண்டே, "தெரியாட்டில் என்ன," என்றாள். "உருகேக்கை பார்த்தனாங்கள்தானே."